பட்டாளத்து வீட்டில் தூங்காத இரவுகள்: 14416-க்கு முதலில் யார் பேசலாம்?

(காட்டுமன்னார்கோயிலில் முன்னாள் படைவீரர் குடும்பங்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



அன்று நேரில் பேசியதை, போனில் படிக்கிற உங்களுக்காக இங்கே எழுதித் தருகிறேன். நான் டாக்டர் இல்லீங்க, செய்தித் துறையில் எழுதுகிற ஆள். மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம் எது, அரசு சேவை எங்கே கிடைக்கும், இந்த இரண்டையும் புரிகிற மாதிரி சொல்வதுதான் என் வேலை.

முதல்ல ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. உங்க தெருவில் இருக்கலாம், உங்க வீடாகவே கூட இருக்கலாம். 17 வருஷம் சர்வீஸ் முடிச்சு, நாற்பது வயசுக்கு முன்னாடியே பென்ஷனோட ஊருக்கு வந்துட்டார் ஒருத்தர். காலையில் வயலுக்குத் தண்ணி கட்டப் போறார், பிள்ளையை ஸ்கூலில் விடறார். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா தெருவில் சாவு எடுக்கிறாங்க, வேட்டு போடறாங்கன்னா கொல்லைப்பக்கம் போய் நின்னுடுவார். டீக்கடையில் சுவரோரமா, வாசலைப் பார்த்த மாதிரிதான் உட்காருவார். கல்யாண வீட்டில் மொய் வெச்சுட்டு, பந்திக்கு நிற்காம கிளம்பிடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு மூணு தடவை பார்ப்பார். தூக்கத்தில் கத்துவார். மனைவி தொட்டு எழுப்பினா கையைப் பிடிச்சு முறுக்கிடுவார். யார்னு தெரிஞ்சதும் அவரே தலையில் கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார்.

கேட்டா, "அவருக்கு மிலிட்டரி கோபம்" என்பார்கள் வீட்டில். "கேன்டீன் சரக்கு ஓவரா போச்சு" என்பார் மாமியார். "காத்து கருப்பு ஏதாவது இருக்கும்" என்று பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் சொல்வார்.

இது அவருடைய குணமும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய். சுருக்கமாக பி.டி.எஸ்.டி. சாவை நேருக்கு நேர் பார்த்தவர்களுக்கு, பக்கத்தில் நின்றவர் செத்து விழுவதைக் கண்டவர்களுக்கு வரக்கூடியது. நடந்து முடிந்த சம்பவம் கனவாகவோ, பகலிலேயே கண்முன் காட்சியாகவோ திரும்பத் திரும்ப வரும். அதை ஞாபகப்படுத்துகிற சத்தம், இடம், ஆள் எல்லாவற்றையும் விட்டு மனிதர் ஒதுங்கிப் போவார். ஆபத்து இன்னும் இருக்கிற மாதிரி உடம்பு எப்போதும் உஷாராகவே இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் கெடுக்க ஆரம்பித்தால் அது நோய். பட்டாளத்துக்குப் போன எல்லாருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. வந்தவர்களிலும் சிலருக்கு யூனிபார்மைக் கழற்றி, ஊரில் சும்மா உட்கார்ந்த பிறகுதான் தலைகாட்டும். அதனால்தான் "அங்கே நல்லாத்தானே இருந்தார், இங்கே வந்துதான் இப்படி ஆயிட்டார்" என்று குடும்பம் குழம்புகிறது.

படைவீரருக்கு மட்டும் வருகிற நோய் என்றும் நினைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் கரையோரக் கிராமங்களில் கடலைத் திரும்பிப் பார்க்கவே முடியாமல் இருந்தவர்களை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2020 செப்டம்பரில் நம்ம குருங்குடியில் நடந்த பட்டாசு வெடிவிபத்துக்குப் பிறகு வேட்டுச் சத்தம் என்றாலே உடம்பு நடுங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இருந்தால் ஆச்சரியம் இல்லை. நான் இன்று பட்டாளத்து வீடுகளைப் பற்றிப் பேசக் காரணம், அங்கே வாயைத் திறப்பது இன்னும் கஷ்டம். "வீரன்" என்று ஊரே சொல்கிற ஆள், "எனக்குப் பயமா இருக்கு" என்று எப்படிச் சொல்வார்?

வீராணம் ஏரிக்கரையில் வாழ்கிறவர்களிடம் ஒரு பழைய பட்டாளத்துக்காரரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர், ஏரிக்கு அந்தப் பெயர்தான். அவர் மகன் ராஜாதித்தன் தன் படையை வைத்து வெட்டிய ஏரி இது என்று இங்கே சொல்வது வழக்கம். 949-ல் தக்கோலத்தில், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில், ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே இறந்தார். அவருடைய தளபதிகளில் ஒருவர் கேரளத்துக்காரர், பெயர் வெள்ளங்குமரன். 943-ல் தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்கிற ஊரில் சிவன் கோயிலைக் கற்றளியாகக் கட்டியவர்.

திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, தக்கோலம் போர் முடிந்து சுமார் 10 ஆண்டுகளுக்குப் பிறகு வெட்டியது. அங்கே மடத்தில் இருந்த சதுரானன பண்டிதர் என்கிற துறவியின் முன்கதையை அது சொல்கிறது. கேரளத்தில் பிறந்தவர், சோழ நாட்டுக்கு வந்து ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர். தலைவன் போர்க்களத்தில் இறந்தபோது கூட இருக்க முடியாமல் போனது. அந்த வெட்கம் தாங்காமல் உலகத்தை வெறுத்து, கங்கையில் நீராடி, துறவியாகித் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தார். இந்தத் துறவிதான் வெள்ளங்குமரன் என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அவருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, ஆயிரம் வருஷம் கழித்து யாரும் சீட்டு எழுதித் தர முடியாது. ஆனால் "அவன் போயிட்டான், நான் ஏன் இருக்கேன்?" என்கிற கேள்வி இருக்கிறதே, அது கார்கிலில் இருந்து வந்தவரிடமும், காஷ்மீரில் கண்ணிவெடியில் கூட்டாளியை இழந்தவரிடமும் இன்றைக்கும் மனநல மருத்துவர்கள் கேட்கிற கேள்விதான். அதைக் கல்லிலே வெட்டி வைக்க அந்தக் காலத்தில் யாரும் கூச்சப்படவில்லை. நாம்தான் கூச்சப்படுகிறோம்.

சரி, வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? "அதையெல்லாம் மறந்துடுங்க" என்கிறோம், பாசத்தில்தான். இந்த அறிவுரை ஏன் வேலை செய்யாது என்பதை 100 வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்கிற ஆங்கிலேய மருத்துவர். அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு: 1901-1902-ல் நீலகிரிக்கு வந்து தோடர் மக்களோடு பழகி, 1906-ல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டவர். முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கி வந்த அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்தார். அப்போது இதற்கு "ஷெல் ஷாக்" என்று பெயர். போரைப் பற்றி நினைக்காதே, பேசாதே என்றுதான் அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பகலில் கஷ்டப்பட்டு அடக்கி வைத்தவர்களுக்கு ராத்திரிக் கனவு கொடூரமாக இருப்பதை ரிவர்ஸ் கவனித்தார்.

ஒரு அதிகாரியின் கதையை அவர் எழுதியிருக்கிறார். நண்பன் குண்டில் சிதறிக் கிடந்த உடலைக் கண்டவர், ராத்திரி ராத்திரி அந்த உடல் கனவில் வரும். ரிவர்ஸ் அதை மறக்கச் சொல்லவில்லை. அவரோடு உட்கார்ந்து அதைப் பற்றியே பேசினார். உடல் அப்படிச் சிதறியிருந்தது என்றால் நண்பன் வலி தெரியாமல் அந்த நொடியே போயிருக்கிறான் என்று எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் தன் நண்பனை நினைக்க முதல்முறையாகத் தனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டார். அதன் பிறகும் கனவு வந்தது. ஆனால் அந்தக் கனவில் நண்பனின் பக்கத்தில் போய், அவன் பெல்ட்டைக் கழற்றினார். விழித்தபோது திகில் இல்லை, துக்கம் மட்டும் இருந்தது. எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று ரிவர்ஸ் சொல்லவும் இல்லை, ஆளைப் பார்த்துத்தான் செய்தார்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று. மோட்டார் கொட்டகையில் ஒருத்தருக்கு ஷாக் அடிக்கிறது. ஒயரை மாத்தி, எல்லாம் சரி பண்ணியாச்சு. அவர் மட்டும் சுவிட்சைத் தொடுவதில்லை, பையனை அனுப்புகிறார். தொடாத ஒவ்வொரு நாளும் "அப்பாடா, தப்பிச்சோம்" என்று மனசு சொல்லும். ஒயர் சரியாகிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அப்புறம் கொட்டகைப் பக்கமே போகமாட்டார். பி.டி.எஸ்.டி.யும் இப்படித்தான் வளர்கிறது. வேட்டுக்கு ஒதுங்கினவர், திருவிழாவுக்கு ஒதுங்குவார், பிறகு சொந்தக்காரருக்கு, கடைசியில் பெற்ற பிள்ளைக்கே ஒதுங்குவார்.

சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு திரும்பவும் அந்தச் சுவிட்சைத் தொடுவது. நடந்ததைப் பாதுகாப்பான அறையில், கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை பேச வைப்பார்கள். தவிர்த்து வந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வைப்பார்கள். "நான்தான் காரணம்" என்கிற எண்ணத்தை எடுத்து வைத்து, அது உண்மைதானா என்று விசாரிப்பார்கள். கண்ணை இடம் வலமாக அசைத்தபடி நினைவைக் கையாளுகிற இ.எம்.டி.ஆர். என்கிற முறையும் உண்டு. பொதுவாக வாரம் ஒன்று என்று 8 முதல் 15 தடவை போக வேண்டியிருக்கும். முதல் சில வாரம் கனவு கூடின மாதிரி இருக்கலாம், அதைப் பார்த்துப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதை டாக்டரிடம் சொல்லுங்க, நின்றுவிடாதீங்க.

மாத்திரையும் உண்டு. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் இந்த நோய்க்கு உலகமெங்கும் கொடுக்கப்படுகின்றன. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நல்லா இருக்கே என்று நாமாக நிறுத்தக்கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற தூக்க மாத்திரை வேறு விஷயம், அல்பிரசோலம் மாதிரியானது. அது பி.டி.எஸ்.டி.க்கு மருந்து இல்லை, பழக்கமாகிவிடும். அதைத் தவிர்க்கச் சொல்லித்தான் சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

குடி பற்றி. குடித்தால் தூக்கம் வருகிறது என்று அவர் சொல்வது பொய் இல்லை, முதல் ரெண்டு மணி நேரம் வரும். அதன் பிறகு தூக்கம் உடைந்து, கனவு இன்னும் மோசமாகும். பல வீடுகளில் குடியை மட்டும் பார்த்து, "குடி நோய்" என்று அடைத்துவிடுகிறார்கள், உள்ளே இருப்பதை யாரும் கேட்பதில்லை. இன்னொன்று: தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் சபதம் போட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போகாதீங்க என்று நான் சொல்லமாட்டேன். போய் வந்து மனசு லேசாகிறது என்றால் நல்லதுதான். அதோடு ஒரு ஓ.பி. சீட்டும் போடுங்க.

வீட்டில் இன்றைக்கே மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது. கனவில் கத்துகிறவரைத் தொட்டு எழுப்ப வேண்டாம். கால்மாட்டில் தள்ளி நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, லைட்டைப் போடுங்க. "நம்ம வீட்லதான் இருக்கீங்க" என்று சொல்லுங்க. பகலில் "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று தோண்டவும் வேண்டாம். அவராகச் சொன்னால் பேச்சை மாற்றாமல் கேளுங்க. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் எப்போது வெடி போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிவித்தால் அதுவே பெரிய உதவி. திடீர்ச் சத்தம்தான் அவரைத் தூக்கிப் போடுகிறது.

இப்போ பயங்களுக்கு வருவோம்.

பணியில் இருப்பவர்களுக்கு மெடிக்கல் கேட்டகரி குறைந்துவிடுமோ, புரமோஷன் போய்விடுமோ என்கிற பயம். இது வெறும் கற்பனை இல்லை. ராணுவ மருத்துவத் தரவரிசையில் மனநலத்துக்கு என்று தனிக் காரணியே உண்டு. ஆனால் சிகிச்சை எடுக்காமல் துப்பாக்கியோடு டியூட்டியில் நிற்பது அதைவிடப் பெரிய ஆபத்து, அவருக்கும் கூட நிற்கிறவர்களுக்கும். முதலில் பேசிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முப்படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே டெலி மானஸ் சேவையின் தனிப் பிரிவு 2023 டிசம்பர் 1 முதல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இயங்குகிறது.

அடுத்தது பென்ஷன். மனநோய் பணியால் வந்தது என்று ஏற்கப்பட்டால் ஊன ஓய்வூதியம் கேட்க முடியும். 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியமானது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால், அவர் நல்ல உடல் மன நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். பணியால் வந்தது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் இல்லை, அரசுத் தரப்பு. 2023-ல் புதிய விதிகள் வந்திருப்பதால், எந்த ஆண்டு ஓய்வு என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். கடலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு போய்க் கேளுங்க. மறுக்கப்பட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. இதற்கெல்லாம் சிகிச்சைச் சீட்டுகள் வேண்டும். ஒவ்வொரு ஓ.பி. சீட்டையும் போட்டோ எடுத்து போனில் ஒரு தனி ஃபோல்டரில் வையுங்க. டாக்டரிடமே போகாதவருக்கு எந்தக் காகிதமும் இருக்காது என்பதையும் யோசிங்க.

எங்கே போவது? பென்ஷன் வாங்கும் முப்படை ஓய்வு பெற்றவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் இ.சி.எச்.எஸ். அட்டை உண்டு. பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து மனநல மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கலாம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் இதில் வரமாட்டார்கள், அவர்களுக்கு மத்திய அரசின் வேறு மருத்துவத் திட்டங்கள். 4 வருஷம் முடித்துத் திரும்புகிற அக்னிவீரர்களுக்குப் பென்ஷனும் இல்லை, இந்த அட்டையும் இல்லை.

அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்திருப்பது அரசு மருத்துவமனை. காட்டுமன்னார்கோயிலில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர், பஸ்ஸில் சிதம்பரம். அண்ணாமலை நகரில் நாம் இன்னும் ராஜா முத்தையா என்றே கூப்பிடுகிற ஆஸ்பத்திரி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு ஓ.பி.யைக் கேளுங்க. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. நம்ம ஊர் அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் நாள் எது என்று விசாரித்துக்கொண்டால் பஸ் செலவும் மிச்சம்.

செத்துப் போகணும் என்கிற பேச்சு வந்தால் நாளை என்று தள்ளாதீங்க. முன்னாள் படைவீரர் பலர் வங்கி செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பார்கள். அவர் தேறும் வரை அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கலாம். பூச்சி மருந்தையும் வீட்டில் இருந்து அப்புறப்படுத்துங்க. முயற்சி செய்துவிட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

கடைசியாக, தலைப்பில் கேட்ட கேள்வி. கூட்டம் முடிந்ததும் சில அக்காக்கள் வந்து ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்: "அவர் பேச மாட்டாரே, நாங்க பேசலாமா?" பேசலாம். 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் 2022 அக்டோபரில் இருந்து இயங்குகிறது. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆலோசகர் வருவார். மனைவி பேசலாம், அம்மா பேசலாம், காலேஜ் படிக்கிற பிள்ளை பேசலாம். பெரிய விளக்கம் எதுவும் தயார் பண்ண வேண்டாம். "என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், ராத்திரி தூங்க மாட்டேங்கிறார், எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்று ஆரம்பிச்சா போதும், மீதியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அவர் வயலுக்குக் கிளம்பின பிறகு கூப்பிடுங்க.